ஓயாத கையின் நோய்: ‘டென்னிஸ் முழங்கை’ வலியின் வரலாறு

முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் சிறிய எலும்புப் புடைப்பு ஒன்று விரலில் தட்டுப்படும். அது மேற்கை எலும்பின் கீழ்முனை. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளும் விரல்களை நீட்டும் தசைகளும் முன்கையின் புறப்பக்கம் முழுக்கப் படர்ந்து, மேலே வரவரக் குறுகி, ஒரே தசைநாணாகத் திரண்டு இந்தப் புடைப்பில்தான் ஒட்டிக்கொள்கின்றன. கை எதையாவது இறுகப் பிடிக்கும்போது, விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்பக்கமாக இழுக்கப் பார்க்கும். மணிக்கட்டு மடங்கிப்போகாமல் நிறுத்தி வைப்பது புறப்பக்கத் தசைகளின் பொறுப்பு. ஆகவே சுத்தியல், பேனா, கத்தரிக்கோல், மட்டை என எதைப் பிடித்தாலும், பிடியின் பாரம் கடைசியில் வந்து சேருவது அந்தச் சிறு புடைப்புக்குத்தான்.

அந்தத் தசைநாணுக்குத் தாங்கும் எல்லைக்கு மேல் நாள்தோறும் வேலை கொடுத்துக்கொண்டே போனால் வலி தொடங்குகிறது. ஈரத்துணியைப் பிழியும்போதும், சாவியைத் திருகும்போதும், காபி நிறைந்த டம்ளரைத் தூக்கும்போதும் சுரீரென்று பிடிக்கும். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கச் சொன்னால், நோயாளி பாதியிலேயே விட்டுவிடுவார். மருத்துவர்கள் இன்றும் செய்து பார்க்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. நாற்பதிலிருந்து ஐம்பது வயது வரை உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிற இந்த நோய், வயது வந்தோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையானவர்களைப் பாதிக்கிறது. அவர்களில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் மிகச் சிறு பகுதியினரே. அப்படியிருந்தும் இதற்கு டென்னிஸின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது, இதைக் குணப்படுத்த நினைத்தவர்கள் ஏன் நூறாண்டுக்கும் மேலாகத் தவறான இடத்தில் தேடினார்கள் என்பதுதான் இந்நோயின் வரலாறு.

கை வேலையால் கைக்கு வரும் நோயை முதலில் கவனமாக எழுதி வைத்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. மொடேனா நகரில் அவருடைய வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஒரு தொழிலாளி, மூச்சு வாங்க அவசர அவசரமாக வேலை செய்தான். ஏன் இவ்வளவு வேகம் என்று ராமஸ்ஸினி கேட்டார். அந்தக் குழிக்குள் அதிக நேரம் இருந்தால் கண் போய்விடும் என்பது பதிலாக வந்தது. அந்த உரையாடலிலிருந்துதான் தொழில்களும் அவை தரும் நோய்களும் அவர் ஆராயும் பொருளாயின. தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய லத்தீன் நூல் 1700இல் வெளியானது. நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்று அதில் அவர் வற்புறுத்தினார்: நீ என்ன வேலை செய்கிறாய்? மருத்துவத்தில் இதைவிடப் பயனுள்ள கேள்வி அதிகம் இல்லை.

1713இல் நூலை விரித்து எழுதியபோது, எழுத்தர்களுக்கும் பத்திரம் எழுதுவோருக்கும் தனி அத்தியாயம் சேர்த்தார். அவர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்கள் சொன்னார்: எழாமல் உட்கார்ந்திருப்பது, ஒரே மாதிரியாகக் கையை ஓயாமல் அசைப்பது, கணக்கு தவறிவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். வாழ்நாள் முழுக்க எழுதியே பிழைத்த ஒருவருக்கு முதலில் கை முழுதும் சோர்ந்தது. பிறகு வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். சிறிது காலத்தில் இடக்கையும் அதே வழியில் போனது. நோய் கையில் இல்லை, வேலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மன அழுத்தத்தையும் காரணங்களில் ஒன்றாக எண்ணியது ராமஸ்ஸினியின் கூர்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேனா பிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்களின் எண்ணிக்கை பெருகியது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள் எல்லாவற்றிலும் பேரேடுகளைக் கையால்தான் எழுத வேண்டும். நகல் வேண்டுமென்றாலும் கையால்தான். பிரிட்டனில் 1830களில் இறகுப் பேனா போய் எஃகு முனைப் பேனா வந்த பிறகு எழுத்தர்களின் கைவலி பரவலாகப் பேசப்பட்டது; எஃகு முனைதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். பின்னர் தந்தி வந்தது. மோர்ஸ் சாவியை நாள் முழுதும் தட்டியவர்களுக்கும் கை முடங்கியது. தந்தி ஊழியர்களின் இந்தக் கைமுடக்கத்தை 1908இல் பிரிட்டன் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது. விரல் இழுத்துக்கொள்வது, மரத்துப்போவது, முழங்கை வலிப்பது என வெவ்வேறு தொல்லைகளெல்லாம் அந்தக் காலத்தில் எழுத்தர் நோய் என்ற ஒரே தலைப்பின் கீழ் அடங்கிக் கிடந்தன.

அந்தக் குவியலிலிருந்து முழங்கை வலியைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் ரூங்கே. 1873இல் எழுத்தர்களின் கை இழுப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், சில நோயாளிகளுக்கு முழங்கையின் வெளிப்புடைப்பில், அழுத்தினால் மட்டும் தெரியும் வலிப்புள்ளி ஒன்று இருப்பதைக் குறிப்பிட்டார். நோய்க்குத் திட்டவட்டமான இடம் கிடைத்தது அப்போதுதான். அந்த நோயாளிகளை வாட்டியது எழுத்து வேலை. அவர்கள் யாரும் மட்டை பிடித்து ஆடியதாக அவர் எழுதவில்லை.

அதற்கு மறு ஆண்டு, 1874இல், வால்டர் க்ளாப்டன் விங்ஃபீல்டு என்ற ராணுவ மேஜர் லண்டனில் ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். வலை, கம்பம், மட்டை, ரப்பர் பந்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றார். புல்லைச் சீராக வெட்டும் இயந்திரம் 1830இலேயே வந்துவிட்டது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரும் கைக்கு வந்திருந்ததால், புல்தரையில் நன்றாகத் துள்ளும் பந்து கிடைத்தது. வசதியான குடும்பங்களின் வீட்டுப் புல்வெளிகளில் டென்னிஸ் வேகமாகப் பரவியது. 1877இல் விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தது. மட்டையோ கனமான மரத்தாலானது. பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் மட்டை கைக்குள் திருகிக்கொள்ளும். அந்தத் திருகலைத் தடுக்க ஆடுகிறவர் பிடியை மேலும் இறுக்குவார்.

1882இல் லான்செட் இதழில் ஹென்றி மோரிஸ் என்ற மருத்துவர், குதிரையோட்டிகளின் தொடைச் சுளுக்கைப் பற்றி எழுதும்போது புல்தரை டென்னிஸ் ஆடுவோரின் கைவலியையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மேஜர் என்ற பெயர்கொண்ட வேறொருவர் முழங்கையைக் குறிப்பிட்டே எழுதினார். அத்துடன் பெயர் நிலைத்துவிட்டது. மருத்துவ இதழ்களில் எழுதியவர்களும் அவற்றைப் படித்தவர்களும் டென்னிஸ் ஆடிய அதே வர்க்கத்தினர். அவர்களுடைய முழங்கை வலித்தபோது நோய் அச்சேறியது. தச்சர், கொத்தனார், தையற்காரர், துணி துவைப்பவர் ஆகியோரின் முழங்கையும் அதே இடத்தில்தான் வலித்தது. 1896இல் பெர்லின் நரம்பியல் மருத்துவர் மார்ட்டின் பெர்ன்ஹார்ட் இதைத் தொழில் சார்ந்த வலியாக விவரித்தபோதும் புழக்கத்திலிருந்த பெயர் மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நோய்க்குக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் ஆஸ்குட் 1922இல், மூட்டுக்கருகே உள்ள திரவப்பை வீங்குவதே காரணம் என்றார். ஜெர்மனியில் கியோர்க் ஹோமன் 1920களில் தசைநாணை எலும்பிலிருந்து விடுவிக்கும் அறுவையைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் மில்ஸ் 1928இல், மணிக்கட்டை மடக்கி முழங்கையைச் சடாரென்று நீட்டிவிடும் கைமுறையைப் பரிந்துரைத்தார். இவர்கள் ஒவ்வொருவரிடமும் குணமானவர்கள் இருந்தார்கள். அதுவே சிக்கலாகவும் ஆனது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஜேம்ஸ் சிரியாக்ஸ் 1936இல் அதுவரை எழுதப்பட்டவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, இந்த ஒரு வலிக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மட்டும் 26 தேறின. பெரும்பாலோருக்கு எட்டு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் வலி தானாகவே அடங்கிவிடுகிறது என்பதையும் அவர் கவனித்தார். எந்தச் சிகிச்சை செய்தாலும் பலருக்குக் குணமானது ஏன் என்பதற்கு விடை அந்தக் கவனிப்பில் இருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் இல்லாத அந்தக் காலத்தில் அதன் பொருளை யாரும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் ‘அழற்சி’ என்ற கருத்து வேரூன்றியிருந்தது. 1910 வாக்கில் ஜெர்மன் மருத்துவ இலக்கியத்தில் நுழைந்த முறையான பெயரே எலும்புப் புடைப்பின் அழற்சியைக் குறிப்பதுதான். அழற்சி என்றால் அதை அடக்க மருந்து வேண்டும். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் உடன் உழைத்த கெண்டலுக்கும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த பத்தாண்டில் அந்த ஊசி வலித்த மூட்டுகளுக்குள்ளெல்லாம் இறங்கியது. முழங்கைப் புடைப்பும் தப்பவில்லை. ஊசி போட்ட சில நாட்களில் வலி போய்விடும். நோயாளிக்கும் நிம்மதி, மருத்துவருக்கும் நிம்மதி. மூன்று மாதம் கழித்து வலி திரும்பினால் இன்னொரு ஊசி.

அழற்சிக் கருத்தை முதலில் ஆட்டங்காண வைத்தது நுண்ணோக்கி. ஸ்வீடனின் இக்னாட்ஸ் கோல்டி 1964இல் தசைநாணின் அடியிலிருந்து எடுத்த திசுவைப் புதிதாக விவரித்தார். பிறகு 1970களில் அமெரிக்காவில் டென்னிஸ் பித்து பிடித்தது. வார இறுதியில் மட்டும் ஆடும் நடுத்தர வயதினர் கூட்டம் கூட்டமாக எலும்பு மருத்துவரிடம் வந்தார்கள். வர்ஜீனியாவின் ராபர்ட் நிர்ஷல் 1971 முதல் 1977 வரை இப்படி 1,213 நோயாளிகளைப் பார்த்தார். 88 முழங்கைகளை மட்டுமே அறுவைக்கு எடுத்துக்கொண்டார். அப்போது வெட்டியெடுத்த திசுவைத்தான் நிர்ஷலும் பெட்ரோனும் 1979இல் விவரித்தார்கள். ஆரோக்கியமான தசைநாண் வெண்மையாக, பளபளப்பாக, ஒரே திசையில் அடுக்கிய இழைகளாக இருக்கும். இதுவோ சாம்பல் படர்ந்து, மங்கி, நைந்த கயிறுபோல் இருந்தது. கொலாஜன் இழைகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தன. தேவையில்லாத சிறு ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. அழற்சி இருந்தால் நிறைந்திருக்க வேண்டிய வெள்ளணுக்களைக் காணவில்லை. பாதிப்பு பெரும்பாலும் மணிக்கட்டை நிமிர்த்தும் ஒரு குறிப்பிட்ட குட்டைத் தசையின் வேரில்தான் இருந்தது.

அதாவது இது எரியும் நோயல்ல, பழுதுபார்க்கும் வேலை பாதியில் நின்றுபோன நோய். தசைநாண் ரத்த ஓட்டம் குறைந்த திசு. தசையைப் போல் விரைவில் ஆறாது. ஒவ்வொரு நாளும் உண்டாகும் நுண்கிழிசல்களை உடல் தைத்து முடிக்குமுன் மறுநாள் வேலை தொடங்கிவிட்டால், தைத்தது சரியாக அமையாது. 1999இல் க்ராஷாரும் நிர்ஷலும் இதைத் தேய்வு நோய் என்றே அழைக்க வேண்டும் என எழுதினார்கள். அழற்சி இல்லாத இடத்தில் அழற்சியை அடக்கும் ஊசி என்ன செய்கிறது என்ற கேள்வி அப்போது தவிர்க்க முடியாததாயிற்று.

விடை நெதர்லாந்திலிருந்து வந்தது. ஸ்மிட் குழுவினர் 185 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி, இன்னொன்றுக்கு இயன்முறைச் சிகிச்சை, மூன்றாவது பிரிவுக்கு வெறும் அறிவுரையும் காத்திருப்பும். ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 32 விழுக்காட்டினர்தான். அங்கேயே ஆய்வு நின்றிருந்தால் ஊசிக்கு வெற்றி. ஆனால் ஓர் ஆண்டு முடிவில் கணக்கு தலைகீழானது: இயன்முறைச் சிகிச்சைக்கு 91, சும்மா காத்திருந்ததற்கு 83, ஊசிக்கு 69. லான்செட்டில் 2002இல் இது வெளியானது. ஆஸ்திரேலியாவில் 2006இல் 198 பேரை வைத்து நடந்த ஆய்வும் இதையே காட்டியது. 2013இல் அங்கேயே 165 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னும் கடுமையான தீர்ப்பைத் தந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது. மருந்துள்ள ஊசி போட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. ஐம்பது ஆண்டுகளாக நல்லெண்ணத்தோடு போடப்பட்ட ஊசி பலருக்குக் குணமாவதைத் தள்ளிப்போட்டிருக்கிறது. குறுகிய கால நிம்மதியை மட்டும் அளந்து ஒரு சிகிச்சையை நம்புவதில் உள்ள ஆபத்துக்கு இது கனமான எடுத்துக்காட்டு.

இந்த நோயின் பெயரை இந்தியாவில் வீடுதோறும் கொண்டு சேர்த்தது டென்னிஸ் அல்ல, கிரிக்கெட். 2004இல் சச்சின் டெண்டுல்கர் இடது முழங்கை வலியால் ஆட்டங்களிலிருந்து விலக வேண்டியிருந்தது. வலக்கை மட்டையாளருக்கு மட்டையின் மேல்பிடி இடக்கையில்தான் இருக்கும். அவர் பயன்படுத்தியதோ மற்றவர்களுடையதைவிடக் கனமான மட்டை. 2005 மே மாதம் லண்டனில் அறுவை நடந்தது. கையின் பிடி திரும்புமா என்ற கவலையில் நாடே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அக்டோபரில் இலங்கைக்கு எதிராக நாக்பூரில் களமிறங்கி 93 ஓட்டங்கள் எடுத்தார். டிசம்பரில் டெல்லியில், அதே இலங்கைக்கு எதிராக, 35வது டெஸ்ட் சதமடித்து கவாஸ்கரின் சாதனையைத் தாண்டினார்.

அறுவையின் பங்கு எவ்வளவு என்பதும் பின்னர் சோதிக்கப்பட்டது. சிட்னியில் க்ரோஸ்லாக்கும் முர்ரெலும் 26 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு நிர்ஷல் முறைப்படி கெட்ட திசுவை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்குத் தோலைத் திறந்து தசைநாணைப் பார்த்துவிட்டு மூடினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரு பிரிவினரும் ஒரே அளவில் தேறினார்கள். 2018இல் வெளியான இந்த முடிவு சிறிய எண்ணிக்கையை வைத்தது என்றாலும், ஒதுக்கிவிடக் கூடியதல்ல.

சிகிச்சையில் உண்மையான திருப்பம் குதிகாலிலிருந்து வந்தது. ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன், குதிகால் தசைநாண் வலியால் அறுவைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு, தசை நீளும்போதே எடையைத் தாங்கும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார். 1998இல் வெளியான முடிவின்படி அவர்கள் அனைவரும் மீண்டும் ஓடத் தொடங்கினார்கள். வலிக்கும் தசைநாணுக்கு ஓய்வு கொடு என்ற பழைய அறிவுரைக்கு நேர் எதிரான வழி இது. ஓய்ந்து கிடக்கும் தசைநாண் வலுவிழக்கும். மெதுவாகக் கூட்டப்படும் பாரம்தான் இழைகளை மறுபடி ஒரே திசையில் அடுக்கத் தூண்டுகிறது. முழங்கைக்கும் இதே வழி பொருந்தியது. மேசை விளிம்புக்கு வெளியே மணிக்கட்டு தொங்கும்படி முன்கையை வைத்து, கையில் சிறிய எடையைப் பிடித்து, மணிக்கட்டை மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். மேலே கொண்டுவர மறு கையின் உதவி. தடித்த ரப்பர் கம்பியை இரு கைகளாலும் முறுக்கி, பின் மெதுவாக விடுவிக்கும் முறையும் 2010 முதல் பரவியது. கொஞ்சம் வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் மட்டுமே எடையைக் குறைக்க வேண்டும். வாரங்கள் பிடிக்கும் வேலை இது. ஊசியின் வேகம் இதற்குக் கிடையாது.

டென்னிஸ் மைதானத்திலும் மாற்றங்கள் வந்தன. 1976இல் பெரிய தலை கொண்ட மட்டை சந்தைக்கு வந்தபின், ஓரத்தில் பட்ட பந்தால் வரும் திருகல் குறைந்தது. புறங்கை அடியை இரு கைகளால் அடிப்பது பரவிய பிறகு ஒரு கையின் பாரம் பகிர்ந்துகொள்ளப்பட்டது. புதிதாக ஆடுகிறவர் பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டை உள்ளே மடக்குகிறார், தேர்ந்தவர் சற்றே பின்னால் நிமிர்த்தி வைக்கிறார் என்பதும் அளந்து காட்டப்பட்டது. விளையாடுகிறவருக்கு மட்டையை மாற்றவும், பயிற்சியாளரை வைத்துக்கொள்ளவும், ஆட்டத்தை நிறுத்தவும் வாய்ப்பு இருந்தது.

வேலை செய்கிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஃபின்லாந்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையை 1991இல் ஆராய்ந்தபோது, கடினமான கைவேலை செய்தவர்களுக்கு மற்றவர்களைவிட இந்நோய் பல மடங்கு அதிகமாக வந்தது தெரிந்தது. திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் போதாது. விசையும் சேர வேண்டும், மணிக்கட்டு வளைந்த நிலையும் சேர வேண்டும் என்பது இத்தகைய ஆய்வுகளிலிருந்து தெளிவானது. 1980களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகை வேலையால் கைவலி என்று ஆயிரக்கணக்கானோர் புகார் செய்தார்கள். டெலிகாம் ஆஸ்திரேலியா நிறுவனத்தில் மட்டும் ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 4,000 பேர். மிக அதிகமாக விசை தட்டிய தந்தி ஊழியர்களைவிடத் தொலைபேசி இணைப்பு ஊழியர்களிடம் புகார்கள் அதிகமாக இருந்தன. இதை வைத்து, வலியே கற்பனை என்று சிலர் எழுதினார்கள். 1987இல் ஒரு முக்கிய வழக்கில் ஊழியர் தரப்பு தோற்றது, புகார்களும் குறைந்தன. கற்பனை என்ற முடிவு அவசரத்தில் எடுக்கப்பட்டது. வேலையின் மேல் கட்டுப்பாடு இல்லாமை, ஓயாத கண்காணிப்பு, மன அழுத்தம் ஆகியவை வலியைக் கூட்டும் என்பதை ராமஸ்ஸினியே எழுத்தர்களிடம் கண்டிருந்தார்; அதனால் வலி பொய்யாகிவிடாது.

சட்டம் மெதுவாகவே வந்தது. பிரான்ஸ், சில வேலை அசைவுகளால் மூட்டுகளைச் சுற்றி வரும் நோய்களுக்கென்று தொழில்நோய் அட்டவணை ஒன்றை உருவாக்கியது. முழங்கைப் புடைப்பு வலி அதில் இடம்பெற்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில், விசையோடு திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் நோயாக இது பதிவாகியிருக்கிறது. இத்தகைய அட்டவணைகளின் பயன், பதிவேட்டில் பெயர் உள்ள ஊழியருக்கே முதலில் சென்று சேர்கிறது. வீட்டில் துணி பிழிகிறவரும், சொந்த இயந்திரத்தில் தைக்கிறவரும், நாள்கூலிக்கு ஸ்க்ரூ முடுக்குகிறவரும் முழங்கையைத் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்கே திரும்புகிறார்கள்.